மூணு மாசந்தானே

ஜன்னத்துக்குப் பதினெட்டு வயது. பேச்சு மட்டும் நாலு வயதுப் பிள்ளையின் பேச்சு, சிரிப்பும் அப்படித்தான். பிறவியிலேயே வந்தது. அதற்கு டவுன் சிண்ட்ரோம் என்று ஒரு பெயர் உண்டு என்பதே அவள் தாய் ஜைனபுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் டாக்டர் ரெபேக்காள் சொல்லித்தான் தெரியும். அதுவரை தென்காசித் தெரு வைத்திருந்த பெயர்கள் வேறு. அவற்றைச் சொல்லி வாயைக் கெடுத்துக்கொள்வானேன்.

"இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பு உள்ளுக்குள்ள சீக்கிரம் துருப்பிடிக்குதுன்னு இப்பப் படிக்கோம்மா. உக்கார வச்சே வளத்தா இன்னும் மோசம். தினமும் நடக்க விடுங்க. நெல்லிக்கா, கொய்யா நெறையக் குடுங்க" என்றார் டாக்டர்.

ஜைனப் அப்படியே செய்தாள். விடியற்காலையில் சுபுஹு தொழுததும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மகளோடு குற்றாலம் ரோட்டில் இறங்கிவிடுவாள். முதல் வாரம், முதல் மைல்கல் வருவதற்குள் ஜன்னத்துக்கு மூச்சு இரைத்தது. ஆறாவது மாதம் அருவி வரைக்கும் போய், நனைந்து, சிரித்துக்கொண்டே திரும்பினாள். வழியில் ஒவ்வொரு மைல்கல்லையும் தொட்டு சலாம் சொன்னால்தான் அவளுக்கு மேற்கொண்டு கால் நகரும். அந்த நாட்களில் ஜைனபுக்கு யார் மேலும் ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் மூத்தவள் ஷமீம் பானுவுக்குச் செங்கோட்டையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை துபாயில். தரகர் துல்கர்னைன் குரலைத் தாழ்த்தினார்.

"சின்னவளை ரோட்டுல காட்டாதீய. அவங்க வார பஸ்ஸு அந்த வழியாத்தான் வருது. பாத்தா, ரத்தத்துலயே கோளாறுன்னு போயிருவாவ. கல்யாணம் முடியட்டும்."

"மூணு மாசந்தானே" என்று ஜைனப் தன்னையே தேற்றிக்கொண்டாள். யாரைக் குறை சொல்ல? இரண்டும் அவள் பெற்றதுதான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டால் ஜன்னத் பின்கட்டு அறைக்குப் போய்விட வேண்டும். ஜைனப் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். பிள்ளை சிணுங்கினால் ஜாடியிலிருந்து ஓர் உப்பு நெல்லிக்காயை எடுத்துக் கையில் திணிப்பாள். மருந்துக்கு வாங்கியது வாயை அடைக்க ஆயிற்று. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை; மூன்று மாதம் பத்து மாதமானது. ஜன்னத் ஊதிப்போனாள். கிணற்றடிக்குப் போய்வரவே இரைத்தது. நிக்காஹ் அன்றும் அவள் பின்கட்டில் தனியாக உட்கார்ந்துதான் பிரியாணி தின்றாள்.

பானு புகுந்த வீடு போன மறுநாள், விடிந்ததும் ஜைனப் துப்பட்டியை எடுத்தாள். பாவி மனசு அன்றுதான் கொஞ்சம் லேசாக இருந்தது.

"ஏட்டி, வா. கல்லுக்குச் சலாம் சொல்லப் போவோம்."

ஜன்னத் வாசல் வரை வந்தாள். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. அவ்வளவுதான். தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இரைக்க இரைக்கப் பின்கட்டுக்கு ஓடினாள். கதவைச் சாத்தினாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"பாத்துருவாவ, உம்மா."

ஜைனபுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "யாரு வேணும்னாலும் பாக்கட்டும்ட்டி. வா, போவோம்" என்று விம்மினாள்.

ஜன்னத் அசையவில்லை. உம்மா அழுவதைப் பார்த்ததும் ஜாடியைத் திறந்து ஒரு நெல்லிக்காயை எடுத்து, அவள் கையில் திணித்தாள்.