இழுத்தால் முன்னால் வரும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு ரப்பர் வளையத்திலிருந்து வந்தது. அடுத்த வீட்டு மெக்கானிக் அதை ஒரு பாலிதீன் பையில் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஓரம் பிய்ந்து, எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது.

“சார், நீங்க எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்கீங்க. இந்த சீல் எங்கயாவது கிடைக்குதான்னு தேடிப் பாருங்களேன். விறகு பிளக்கிற ஹைட்ராலிக் மெஷின். வயசு இருபத்தொண்ணு.”

போனில் படமும் காட்டினார். மஞ்சள் பெயிண்டின்மேல் நீலம் அடித்து, அந்த நீலமும் உரிந்து, மறுபடி மஞ்சள் எட்டிப்பார்க்கிற இயந்திரம். தேடினேன். சீல் கிடைக்கவில்லை, கதை கிடைத்தது. (இந்த வாக்கியத்தில் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் தூக்கல். முழு உண்மையும் இல்லை. பிறகு திருத்துகிறேன்.)

2

முதல் தொடக்கம்: “விறகுக் கிடங்கில் அன்று காலையிலிருந்தே மழை…” வேண்டாம். நனைந்த விறகை யார் வாங்குவார்கள்?

இரண்டாவது: “அவளுடைய வாழ்க்கையும் ஓர் இயந்திரத்தைப் போலவே…” அடித்துவிட்டேன். அவள் காதில் விழுந்தால் கையில் கிடைத்த கட்டையை எடுத்து என்மேல் வீசுவாள்.

மூன்றாவது தொடக்கத்தில் நேராக அவளிடமே போகிறேன். எல்லோருக்கும் அவள் அக்கா. பேக்கரி அடுப்புகளுக்கு விறகு கொடுக்கிறாள். தகரக் கூரை போட்ட கிடங்கு. ஒரு பக்கம் உருண்டைக் கட்டை, மறுபக்கம் பிளந்த விறகு, நடுவில் அந்த இயந்திரம். பத்து நாளாக அது படுத்துவிட்டது. கட்டையைத் தொட்டதும் மூச்சு வாங்கி நின்றுவிடும். அடியில் எண்ணெய் சொட்டும்.

“புதுசா ஒண்ணு வாங்கிடுங்கக்கா,” என்றார் மெக்கானிக்.

“கால் வலிக்குதுன்னா காலை மாத்திடுவீங்களா? சீலை மாத்துங்க.”

மூன்று சீல் வாங்கிவந்து போட்டுப் பார்த்தார். மூன்றும் லொடலொடவென்று ஆடின. சிலிண்டர் கம்பெனியின் புத்தகத்தில் இருந்த அளவு ஒன்று, இரும்பில் இருந்த அளவு வேறு. வால்விலும் விரிசல். பழைய இரும்புக் கடையில் இரண்டு நாள் குடைந்து வேறொரு வால்வைப் பிடித்துவிட்டார். சீல் மட்டும் ஆட்டம் காட்டியது.

“சிலிண்டரை யாரோ குடைஞ்சு பெரிசாக்கியிருக்காங்கக்கா. யாருன்னு தெரிஞ்சா அளவு கேட்கலாம்.”

யாரென்று அக்காவுக்குத் தெரியும். அவளுடைய தம்பி. அவர்கள் பேசி ஏழு வருஷம் ஆகிறது.

3

தம்பியைப் பற்றி எழுதும்போது என் கை தயங்குகிறது. காரணம் பின்னால் வரும்.

அக்காவும் தம்பியும் பழைய பாகங்களை வாங்கிப்போட்டு இரண்டு மாதத்தில் அந்த இயந்திரத்தைக் கட்டினார்கள். கடைசி நாள் அவசரத்தில் எண்ணெய் போகும் இரண்டு ஹோஸ்களை இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள். லிவரைத் தள்ளினால் இரும்பு ஆப்பு முன்னே போய்க் கட்டையைப் பிளக்க வேண்டும், இழுத்தால் பின்னே வர வேண்டும். உலக வழக்கம் அது. இங்கே இழுத்தால் முன்னால் வந்தது, தள்ளினால் பின்னால் போனது.

“கழட்டி மாத்திடவா?” என்றான் தம்பி.

“லாரி நிக்குது. நாளைக்குப் பாத்துக்கலாம்டா.”

அந்த நாளை வரவே இல்லை. கைக்குப் பழகிவிட்டது. பதினான்கு வருஷம் அவன் கட்டையைத் தூக்கி வைப்பான், அவள் இழுப்பாள். வாய்ப்பேச்சே தேவைப்படாது. அவன் கையை எடுத்தானா என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மூச்சுச் சத்தத்திலேயே தெரியும். பதினொரு மணிக்கு எஞ்சினை நிறுத்துவார்கள். பிளாஸ்க் மூடியில் ஒரே டீ, ஆளுக்குப் பாதி. “நீ பெரிய பாதியைக் குடிச்சிட்டே” என்று தினமும் ஒரு சண்டை. பச்சைக் கட்டை பிளக்கும் வாசனையோடு அந்தச் சண்டையைக் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும்!*

* கேட்டவன் சொல்கிறேன். இந்த நட்சத்திரக் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளன் விறகு வாங்க வந்தான். “நானும் ஒண்ணு பிளந்து பாக்கறேனே” என்றான். கோணலாக உட்கார்ந்த கட்டையை இடது கையால் நேராக்கிக்கொண்டே, ஆப்பைப் பின்னுக்குக் கொண்டுவரலாம் என்று லிவரை இழுத்தான். ஆப்பு முன்னால் வந்தது. இரண்டு விரல்களின் நுனி போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா அவனிடம் கேட்டாள்: “தலைகீழ் மெஷின்னு என் தம்பி உங்ககிட்டச் சொல்லலையா?”

“இல்ல” என்றான் அவன்.

“சொன்னேன்க்கா. ரெண்டு தடவை சொன்னேன்,” என்றான் தம்பி.

அக்கா வெளியாளை நம்பினாள். தம்பி மறுநாளே பையை எடுத்துக்கொண்டு வேறு ஊர் மரக்கிடங்கில் வேலைக்குப் போனான். அவன் எண் அவளுடைய போனில் அப்படியே இருக்கிறது. அழிக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை.

5

போன வியாழக்கிழமை அக்கா அந்தப் போனை மெக்கானிக்கிடம் நீட்டினாள். “நீங்களே பேசுங்க. சத்தமா வைங்க. நான் இருக்கேன்னு சொல்லக் கூடாது.” சொல்லிவிட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மணி அடித்த மாத்திரத்தில் அவன் எடுத்தான். “அக்கா?”

மெக்கானிக் தொண்டையைச் செருமி, தான் யார், என்ன வேலை என்று சொல்லி, சிலிண்டரின் அளவைக் கேட்டார்.

“எண்பது மில்லி,” என்றான் தம்பி. “லேத்துல குடுத்துக் குடைஞ்சோம். மண் அள்ற வண்டியோட சீல் சரியா உக்காரும். ஹோஸ் ரெண்டையும் கழட்டிட்டீங்களா?”

“வால்வு மாத்தணுமே தம்பி. கழட்டித்தான் வச்சிருக்கேன்.”

“மாட்டும்போது நேரா மாட்டிடாதீங்க. பழையபடி மாத்தியே மாட்டுங்க. அக்கா கைக்கு இழுத்துத்தான் பழக்கம். நேரா இருந்தா அதுவே ஆபத்து.”

வைத்துவிட்டான். அக்கா வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மரத்தூளாம்.

“நேராவே மாட்டுங்க,” என்றாள்.

“அக்கா, அவர் இப்பத்தானே…”

“அவன் ஏழு வருஷமா அங்க நேர் மெஷின்ல வேலை பாக்கறான். கை மாறியிருக்கும். நாளைக்கு வந்து நின்னான்னா?”

“வர்றேன்னு சொல்லலையேக்கா.”

“சொல்லிட்டுத்தான் வரணுமா?”

சீல் இப்போது கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஹோஸ் இரண்டும் இன்னும் தொங்குகின்றன. “அவங்க கையை இவர் நினைக்கிறார், இவர் கையை அவங்க நினைக்கிறாங்க. நான் யாரு பேச்சைக் கேக்கறது சார்?” என்று நேற்று சாயங்காலம் என்னிடம் வந்து புலம்பினார் மெக்கானிக்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) நேராக மாட்டுகிறார்கள். அக்கா ஐம்பத்தைந்து வயதில் தள்ளக் கற்றுக்கொள்கிறாள். ஒரு மாலை தம்பி வந்து நிற்கிறான். பிளாஸ்க் மூடி, டீ, பாதி… இனிப்பு அதிகம்.

(ஆ) மாற்றியே மாட்டுகிறார்கள். தம்பி வரவில்லை. அவள் இழுக்கிறாள், இழுத்துக்கொண்டே

இதை முடிக்க மனம் வரவில்லை.

இரண்டிலும் ஒரு ஆள் குறைகிறான். அந்த வாடிக்கையாளன் எங்கே?

நட்சத்திரக் குறி ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் ஒரு பேக்கரியில் அடுப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். வாரம் இரண்டு முறை அந்தக் கிடங்குக்குப் போவேன். தம்பி என்னிடம் சொன்னான். “தலைகீழ் மெஷின், இழுத்தா முன்னால வரும், பாத்து” என்று இரண்டு தடவை சொன்னான். நானும் இரண்டு தடவை “தெரியும், தெரியும்” என்றேன். ஆப்பைப் பிடுங்கிய குரங்கு என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கத்தில் ஆஸ்பத்திரியில் “இல்ல” என்றேன். ஒரே ஒரு சொல். மெக்கானிக்கிடம்கூட விரல் கதவிடுக்கில் மாட்டியது என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் போனில் படத்தைக் காட்டியதுமே எனக்கு அந்த இயந்திரத்தைத் தெரிந்துவிட்டது. முதல் பகுதியில் ‘பிறகு திருத்துகிறேன்’ என்று சொன்ன வாக்கியத்தை இப்போது திருத்தியாயிற்று.

7

மேலே உள்ளதை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நப்பாசை வந்தது. கதையை அச்சில் போட்டு ஒரு பிரதியைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டால் போதாதா? போதாது. அக்கா கதை படிக்கிறவள் இல்லை.

ஹோஸை எப்படி மாட்டுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதைத் தீர்க்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

வாசலில் மெக்கானிக் ஸ்கூட்டர் ஹாரனை அடிக்கிறார். கதைக்காக மெஷினைப் பார்க்க வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியும். முகம் மறந்திருந்தாலும் கையைக் காட்டினால் போதும். “அவன் சொன்னான்க்கா” என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போகப்போகிறேன்.

“சார், வர்றீங்களா இல்லையா?”

வருகிறேன். செருப்பைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.