கூப்பிட முடியாத வள்ளம்

கொழும்புத்துறை மீனவர் சங்கத்துக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் பிரியந்தினிக்கும் டினேசுக்கும் காலையிலேயே முட்டிக்கொண்டது.

“உம்மடை புரோகிராமிலை சின்ன வள்ளத்தையும் கரைக்குக் கூப்பிடலாம் எண்டு கிடக்கு,” என்றாள் பிரியந்தினி. “ உள்ளுக்கை பாத்தா ஒண்டுமில்லை. ஆனா திரையிலை ‘அனுப்பியாச்சு’ எண்டு பச்சையாக் காட்டுது.”

“சின்ன வள்ளத்திலை செய்தி வாற கருவி இல்லை. ஆனா எல்லாப் படகுக்கும் பொதுவா எழுதின ‘கலம்’ எண்ட தாய் வகுப்பிலை கூப்பிடுற செயல் இருக்கு. அப்ப அதிலையிருந்து வந்த வள்ளத்துக்கும் இருக்கத்தானே வேணும்? அதுதான் வெறுமையா விட்டன்.”

“செய்ய ஏலாட்டி, ஏலாது எண்டு சொல்லவேணும்.”

“எங்கடை வீட்டிலை ஆராவது உதவி கேட்டு வந்தா அம்மா இல்லை எண்டு முகத்திலை அடிக்கமாட்டா. ‘ஓம், பாப்பம்’ எண்டுதான் அனுப்புவா. அந்த வளர்ப்பு.”

“கேட்ட ஆள் அதை நம்பிக்கொண்டெல்லோ இருக்கும்? என்ரை அப்பாவும் உந்தச் சின்ன வள்ளத்திலைதான் போறவர்.”

டினேஸ் சிரித்து மழுப்பினான். பிரியந்தினி அந்த வெற்றிடத்தில், ‘கூப்பிட முடியாது’ என்று எக்செப்சன், அதாவது பிழை அறிவிப்பு, எழுப்பும் ஒரு வரியைப் போட்டாள். அது எழும்பினாலும் மற்றப் படகுகளுக்குச் செய்தி போகவேண்டும். எழுப்பிய வள்ளத்தின் பெயர் சிவப்பில் நிற்கவேண்டும். இரண்டையும் சரிபார்த்த பிறகுதான் சங்கத்துக் கணினியில் ஏற்றினாள்.

மத்தியானம் காற்றுக் கிளம்பியது. கடலேரிப் பக்கம் வானம் கறுத்தது. சங்கப் பொறுப்பாளர் றஜிந்தன் எல்லாக் கலங்களையும் கூப்பிடும் பொத்தானை அழுத்தினார். திரை முழுக்கப் பச்சை. அடியில் மட்டும் ஒரு சிவப்பு வரி: ‘அற்புதராணி: கூப்பிட முடியாது’.

அப்பாவின் வள்ளம். கைபேசி நனைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற மனிதர் அவர். பிரியந்தினி அந்த வரியை றஜிந்தனுக்குச் சுட்டிக் காட்டினாள்.

“செபநாயகம் அண்ணைக்குச் செய்தி போகேல்லை. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்,” என்று றஜிந்தன் எஞ்சின் படகை நோக்கி ஓடினார்.

இறங்குதுறையில் டினேஸ் அவளருகே வந்து நின்றான். “நான் விட்டமாதிரியே கிடந்திருந்தா, பச்சையைப் பாத்திட்டு எல்லாரும் சும்மா இருந்திருப்பம்.”

“வாயைப் பொத்தும்.”

மழைத்திரைக்குள்ளிருந்து எஞ்சின் படகு வெளிப்பட்டது. பின்னால் கயிற்றில் வள்ளம் ஆடி ஆடி வந்தது. நடுவில் தலைப்பாகையைப் பிழிந்தபடி அப்பா.

“வலை அரைவாசி தண்ணிக்கை கிடக்குது. இவன் என்னை மாடு மாதிரி இழுத்துக்கொண்டு வந்திட்டான். ஆர் இவனை அனுப்பினது?”

அவர் பொரிந்துகொண்டே கரையேறினார். அந்தத் திட்டைக் கேட்கக் கேட்கத்தான் பிரியந்தினிக்கு மூச்சு சீராக வந்தது.