சிரித்தால் மட்டும் வருகை

என் இரண்டு கண்ணாணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அரசு அலுவலகத்தில் நான் தட்டச்சர். மேலாளர் என் மனைவியின் தம்பி. என்னை அவன் அத்தான் என்பான்; அலுவலகத்தில் நான் அவனைச் சார் என்பேன். கணினிப் பயிற்சியில் தேறாதவர்களை நிலவறைக் கோப்பறைக்கு அனுப்புவதாக உத்தரவு வந்தது. அங்கே ஜன்னல் கிடையாது. பேச்சுத் துணைக்குக் கரப்பான்தான்.

முதல் வகுப்பிலேயே பழக்க தோஷம் காட்டிக்கொடுத்தது. ஒரு வரி அடித்ததும், தட்டச்சுப் பொறியின் உருளையைத் தள்ளுவதுபோல இடக்கையால் கணினித் திரையை வலப்பக்கம் ஓங்கித் தள்ளிவிட்டேன். அது மேசையை விட்டு இறங்கிச் சுக்குநூறானது.

"என்ன அத்தான், அடுத்த வரிக்குப் போயாச்சா?" என்று மச்சினன் வாயைப் பிளந்து சிரித்தான். கூடமே சிரித்தது. சாயங்காலம் வீட்டில் அவன் அக்காவும் சிரித்தாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வஞ்சம் இருந்தால் பாடம் தானாக ஏறும். பயிற்சியில் முதலாவதாகத் தேறினேன். முகம் பார்த்து வருகை பதிந்து கதவைத் திறக்கும் இயந்திரம் வந்தபோது, எல்லோர் முகத்தையும் அதில் ஏற்றும் வேலை எனக்கே கிடைத்தது.

மச்சினன் எதிரில் வந்து நின்றான். "பாத்து அத்தான், இதையும் தள்ளி விட்டுடாதீங்க" என்று அதே சிரிப்பைச் சிரித்தான். அந்த நொடியில் பொத்தானை அமுக்கினேன்.

அன்றுமுதல் இயந்திரத்துக்கு அந்தச் சிரிப்புதான் மேலாளர். பல்வலி வந்த நாளிலும் கடைவாய் தெரியச் சிரித்தால்தான் கதவு திறந்தது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் தரையைப் பார்த்துக்கொள்வார்கள்.

"மாத்திக் குடுங்க அத்தான், மானம் போகுது."

"தலைமை அலுவலகத்துல கேக்கணும் சார். அங்க எல்லாரும் பயிற்சிக்குப் போயிருக்காங்க."

இயக்குநரின் தாயார் தவறிப்போனார். எங்கள் அலுவலகத்தில் அஞ்சலிக் கூட்டம். இயக்குநர் கலங்கிய கண்ணோடு வாசலிலேயே நின்றிருந்தார். மச்சினன் அவரைப் பார்த்தான், இயந்திரத்தைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான். குறை சொல்ல முடியாத சிரிப்பு; கதவு உடனே திறந்தது.

மதியத்துக்குள் அவனைக் கோப்பறைக்கு மாற்றிவிட்டார்கள். சாவியைக் கொடுக்க நானே கீழே போனேன்.

"வேணும்னேதானே செஞ்சீங்க அத்தான்?"

"ஆமா மாப்ளே" என்றேன்.

அந்த அலுவலகத்துக்கு முதல் கணினி வந்தது, நான் ஓய்வுபெற்ற மறுவருடம்.