இருபத்துநாலு மணி நேர ஜெனரேட்டர்

சுற்றுலாக் கம்பெனியிலிருந்து வந்த அஃப்ரீன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பியபோது எனக்கு வியர்த்த வியர்வையில் ஒரு மா குறுவை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம்.

"சார், உங்க வீட்டுல ஒருத்தர் ஒரு நாள் தங்கினா அறுபது கிலோ கார்பன் புகை. எங்க லிஸ்ட்லயே நீங்கதான் மோசம். இருபதுக்கு மேல போனா பேரை எடுத்துடுவாங்க."

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் மாடி அறைகள் இரண்டுக்கும் கல்லணையும் பெரிய கோயிலும் பார்க்க வருகிறவர்களை இந்தக் கம்பெனிதான் அனுப்புகிறது. முப்பத்தெட்டு வருஷமாக என் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி நீலாயதாட்சி, முதல் விருந்தாளியாக ஒரு ஜெர்மன்காரி வந்த பிறகுதான் வாய்விட்டுச் சிரிக்கவே ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

தப்பு என்னுடையது. கம்பெனி அனுப்பிய படிவத்தில் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டிருந்தார்கள். வசதியை விசாரிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் வீட்டில் குறை இருக்கலாமா? இருபத்துநாலு என்று போட்டேன். ஏசி நாலு, திருச்சி விமான நிலையத்துக்குக் கார். ஹெலிகாப்டருக்குக் கட்டம் இருந்திருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டேன்.

இப்போது பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் குறைச்சு ஓட்டலாம்மா" என்றேன்.

காபியோடு வந்த நீலாயதாட்சி நின்றாள். "எதை ஓட்டுறது?"

"ஜெனரேட்டரைத்தான் ஆன்ட்டி. நாள் பூரா ஓடுதாமே."

"நம்மளுதா?" டம்ளரை வைத்துவிட்டு அஃப்ரீனின் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். தூக்குமேடைக்குப் போகிற நடையில் நானும் பின்னால் போனேன்.

கொட்டகைக் கதவைத் திறந்தாள். ஜெனரேட்டர் மேல் வைக்கோல். வைக்கோல் மேல் அடைக்கோழி.

"கஜா புயலப்ப ரெண்டு நாள் ஓடுச்சு. அப்புறம் இதுங்கதான் குடியிருக்கு. ஏசியும் கிடையாது, காரும் கிடையாது. வர்றவங்க பஸ்லதான் வர்றாங்க, ஜன்னலைத் திறந்தா ஆத்துக்காத்து. இவரு வாய்தாம்மா டீசல் இல்லாமயே ஓடும்."

அஃப்ரீன் சிரித்தது வலங்கைமான் வரை கேட்டிருக்கும். அங்கேயே துவைக்கிற கல்லில் மடிக்கணினியை வைத்துத் தட்டினாள். அறுபது, நாலாயிற்று. "சார், இப்ப லிஸ்ட்ல நீங்கதான் முதல்!"

என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை ஏற்ற இரண்டு நெல் லாரி வேண்டும்.

"ஆதாரத்துக்கு ஒரு போட்டோ" என்று அவள் போனை நீட்டிக் குனிந்தாள். கோழி மொத்த இறகையும் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. மூன்று பேரும் ஒன்றாக ஓரடி பின்னால் நகர்ந்தோம். வைக்கோலுக்குள் ஒரு முட்டை லேசாக ஆடியது.