மூன்றரை அடிப் பொம்மை

ஆறு கைவினைஞர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு விற்பனைக் கூடம் அது. ஒரு காலத்தில் தபால் நிலையமாக இருந்த கட்டடம். தபால்தலை விற்ற கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இப்போது பில் போடும் மேஜை. கடிதம் பிரித்துப் போட்ட மரத் தட்டுகளில் கூடைகள், மண்சாடிகள், கண்ணாடி விளக்குகள். ஆளுக்கு ஒருநாள் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மற்றவர்கள் செய்ததையும் தான் செய்ததுபோலவே புகழ்ந்து விற்க வேண்டும் என்பது விதி. பின்கட்டில் மரம் கடையும் பட்டறை வைத்திருந்த கடைசல்காரர் மட்டும் தன் மரக்கிண்ணங்களைத் தவிர வேறு எதையும் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை.

புதன்கிழமை பொம்மைக்காரியின் முறை. அவள் துணிப்பொம்மை தைப்பவள். அவள் தைத்த முகங்களைப் பார்த்தால் யாரோ தெரிந்தவர் ஜாடை தோன்றும். அது அவள் கைராசி.

அப்படி ஒரு புதன்கிழமை காலையில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு புகைப்படமும் ஒரு நூலும். நூலின் இரு முனையிலும் முடிச்சு.

"இந்த உயரத்துக்கு ஒரு பொம்மை வேணும். முகம் இப்படி இருக்கணும்."

படத்தில் ஐந்து வயதுச் சிறுமி, உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கியிருந்தாள். நூலை அளந்தால் சரியாக மூன்றரை அடி.

"உங்க பொண்ணா? அவ உயரத்துக்கே பொம்மை கேக்குறாளா?"

"அவளுக்குத்தான்" என்றாள் அந்தப் பெண். 

அவ்வளவு பெரிய பொம்மையைப் பொம்மைக்காரி அதுவரை தைத்ததில்லை. புதுப் பஞ்சு வாங்கி, கட்டி தட்டாமல் கையாலேயே பிய்த்து அடைத்தாள். மூடிய உதட்டைச் சிவப்பு நூலில் நெருக்கமாகத் தைத்தாள். நீலக் கவுன் ஒன்றையும் முழங்காலுக்குக் கீழே வரும்படி தைத்துப் போட்டாள். முடிந்த பொம்மை ஒரு வாரம் கூடத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. அதைக் கடந்து போனவர்கள் தம்மை அறியாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைசல்காரரே நின்று பார்த்து, "பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய விருது.

தாய் வந்தாள். பொம்மையைப் பைக்குள் போடவில்லை, தூக்கிக்கொள்ளவும் இல்லை. பொம்மையின் கையைப் பிடித்துத் தரையோடு நடத்திக்கொண்டு போனாள்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு புதன்கிழமை, அதேபோலக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"கவுன் ஏறிடுச்சு. மடிப்பைப் பிரிச்சு கொஞ்சம் இறக்கிக் குடுங்க."

பொம்மைக்காரிக்குச் சிரிப்பு வந்தது. துணி சுருங்கியிருக்கும் என்று நினைத்தாள். டேப்பை எடுத்துக் கவுனை அளந்தாள். ஒரு நூல்கூடக் குறையவில்லை. பிறகு பொம்மையை அளந்தாள். மூன்றரை அடிக்கு மேல் ஒன்றரை அங்குலம் இருந்தது. திரும்ப அளந்தாள். சிரிப்பு போய்விட்டது.

"இதோட உங்க பொண்ணு ரொம்ப விளையாடுறாளா?"

"கூட விளையாட யாரு இருக்கா? தனியாத்தான் ஓடிட்டிருப்பா" என்ற தாய், பொம்மையின் தலையைத் தடவி, "சமத்தா இரு. சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசல்காரர் தன் அடிக்கோலால் அளந்து பார்த்தார். "தொங்க விட்டிருப்பாங்கம்மா. பஞ்சு இளகினா நீளும்" என்றார். பிறகு பாதத்தைத் திருப்பினார். வெள்ளைத் துணி குதிகாலில் தேய்ந்து நூல் நூலாக நின்றது. இடது கால் மட்டும் வெளிப்பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது, நடக்கும்போது சாய்த்து வைப்பவர்களுக்குத் தேய்வதுபோல. அவர் பாதத்தை மெதுவாகக் கீழே விட்டார்.

"அந்தம்மாவை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரி வேலை பாக்குற பள்ளிக்கூடத்துலதான் அந்தப் பொண்ணு படிச்சுது. இடது காலைச் சாய்ச்சுத்தான் நடக்கும். காய்ச்சல்ல போயிடுச்சும்மா. மூணு வருஷம் ஆச்சு."

பொம்மைக்காரி பொம்மையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்து, வீட்டிலிருந்த நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"பெத்தவ மனசு எதையாவது புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கும். நீ மடிப்பை இறக்கிக் குடுத்து அனுப்புடி. அதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள் நாத்தனார்.

சரியென்று உட்கார்ந்தாள். மடிப்பை இறக்கினாள். பாதத்துக்குப் புதுத்துணி வைத்தாள். முகத்தில் வாய்க்குப் பக்கத்தில் பஞ்சு திரண்டு ஏதோ கட்டிபோல நெருடியது. கன்னத்துத் தையலில் நாலைந்து பிரித்து, விரலை விட்டு இழுத்தாள்.

ஒரு பால்பல் வந்து மடியில் விழுந்தது. வேர்ப்பக்கம் லேசாகச் சிவந்திருந்தது.

அந்தப் பஞ்சு முழுவதும் அவள் கைவிரல் பட்டது. ஒரு விதைத்துணுக்குக்கூட இருக்க வழியில்லை. பிரிப்பதற்கு முன் கன்னத்தில் இருந்ததும் அவளுடைய பழைய தையல்தான். தன் தையல் அவளுக்குத் தெரியாதா?

சாயங்காலம் வெயில் சாய்வதற்குள் தாய் வந்துவிட்டாள். பொம்மைக்காரி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"விழுந்துடுச்சா!" தாயின் முகம் மலர்ந்தது. "ரெண்டு நாளா ஆடிட்டிருந்துச்சு."

"தப்பா நினைக்காதீங்க. நீங்க வச்சதா இது? உங்க பொண்ணோட பழைய பல்லா?"

தாய் அவளை நிதானமாகப் பார்த்தாள். "என் பொண்ணு போறப்ப அவளுக்கு ஒரு பல்லுகூட விழலைங்க. அஞ்சு வயசு. எப்ப விழும், எப்ப விழும்னு கண்ணாடியைப் பாத்துட்டே இருப்பா."

கம்பி ஜன்னலுக்கு வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.  பிறகு தாய்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இன்னொரு உதவி. வாயைக் கொஞ்சம் பிரிச்சு விடுறீங்களா? ஏதோ சொல்ல வரா. எனக்குப் புரியல."

முடியாது என்று சொல்லத்தான் பொம்மைக்காரி வாயெடுத்தாள். ஆனால் அந்தச் சிவப்புத் தையலை அவ்வளவு நெருக்கமாகப் போட்டது தன் கைதான் என்ற நினைப்பு வந்ததும் சொல்ல முடியவில்லை. சின்னக் கத்தரியை எடுத்தாள்.  ஒவ்வொரு நூலாக வெட்டினாள்.

தாய் மண்டியிட்டு, பொம்மையின் வாயோடு காதை வைத்துக்கொண்டாள். பொம்மைக்காரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த கடைசல் மெஷினின் சத்தம் மட்டும் சட்டென்று நின்றது.

தாய் வெகுநேரம் கேட்டாள். இரண்டு தடவை தலையாட்டினாள். ஒருமுறை "இல்லடா, கோபமில்ல" என்றாள். எழுந்தபோது முகம் கழுவிவிட்டதுபோலத் தெளிந்திருந்தது.

"பிரிச்சுடுங்க" என்றாள். "முழுசா."

"என்னது?"

"அவ போகணுமாம். நான் கையை விடவே மாட்டேங்குறேனாம்."

இருவரும் தரையில் உட்கார்ந்து பிரித்தார்கள். தோள், கை, கால் என்று தாயே ஒவ்வொன்றாகச் சொல்ல, பொம்மைக்காரி தையலை வெட்டினாள். மார்புப் பக்கம் பிரித்தபோது பஞ்சு வெதுவெதுவென்றிருந்தது, யாரோ தலைவைத்துத் தூங்கி அப்போதுதான் எழுந்துபோன தலையணைபோல. தாய் அதில் முகத்தைப் புதைத்து அழுதாள். சூடு ஆறும்வரை அழுதாள். நீலக் கவுனை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு, தனியாக, கையை வீசி நடந்து போனாள்.

கடைசல்காரர் பின்கட்டு வாசலில் நின்றிருந்தார். சட்டையெல்லாம் மரத்தூள்.

"மெஷினை ஏண்ணே நிறுத்தினீங்க?"

"யாரோ சின்னப் பொண்ணு, 'மாமா, சத்தம் வேணாம்'னு சொல்லுச்சேம்மா" என்றார். "நீ சொல்லி அனுப்பின பொண்ணுன்னு நினைச்சேன்."

அதன்பிறகு பொம்மைக்காரி ஒரு முழத்துக்கு மேல் பொம்மை தைப்பதில்லை. பெரிதாகக் கேட்டு வருபவர்களைச் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். நாத்தனார் ஒருநாள் காரணம் கேட்டாள்.

"அவ்வளவு பஞ்சுக்கு எங்க போறது அண்ணி?" என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோக்கத் திரும்பிக்கொண்டாள்.