வாய் திறக்கக் கூடாத பரீட்சை

வகுப்புத் தோழன் கோர்பினோடு என்னை ஒரே குழுவில் போட்டபோதே எனக்கு எரிச்சல் வந்தது. பல்லூடகச் செயலி வடிவமைப்புப் பாடத்தில் போன வருஷமே தோற்றுப் போனவள் நான். மறுபடியும் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. வான்கூவரில் எனக்காகப் பிடித்து வைத்திருக்கும் வேலையும் கிடையாது.

எங்கள் வின்னிபெக் நகரில் ஒரு அருங்காட்சியகத்தின் காட்டெருமைக் கூடத்துக்குச் செயலி செய்ய வேண்டும். படம், ஒலி, காணொளி எல்லாவற்றையும் நான் கோத்தேன். கோர்பின் என்ன கிழித்தான்? தொடக்கப் பொத்தானின் நிறத்தை வாராவாரம் மாற்றினான்.

"டேய், வெள்ளைத் திரையில வெளுத்த சாம்பல் பொத்தானா? எவன் கண்ணுக்குடா தெரியும்?"

"அழகா இருக்குல்ல ஹேடி? கண்டுபிடிச்சுப்பாங்க, விடு."

"உன் அழகைக் கொண்டுபோய்ப் பனியில புதை!"

நிறம்கூடப் பரவாயில்லை. அவன் வாய் இருக்கிறதே, ஓயவே ஓயாது. பேராசிரியர் மெர்சரின் இறுதித் தேர்விலோ, செயலியைப் பார்த்தே இராத ஒருவர் வந்து அதை இயக்குவார். செய்தவர்கள் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாலும் அந்தக் குழு தேறாது.

"நீ மட்டும் வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்" என்றேன் தேர்வறை வாசலிலேயே.

"சத்தியமா பேசமாட்டேன் தாயே."

செயலியை இயக்க வந்தவள் தாதியர் படிப்பு மாணவி டெல்ஃபின். கனத்த குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். சாம்பல் பொத்தானைச் சட்டென்று தொட்டும் விட்டாள். கோர்பின் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்தது மந்தை ஓடும் காணொளி. நான் செய்த பக்கம். ஓடி முடிந்து படம் அப்படியே நின்றது. டெல்ஃபின் திரையைத் தட்டினாள்.

"இதுலேருந்து எப்படி வெளிய வர்றது? மாட்டிக்கிட்டேனே!"

விரலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும், அவ்வளவுதான்! அதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் தெரியுமே. கோர்பின் உதட்டை உள்ளே மடித்துக் கடித்தபடி அசையாமல் இருந்தான். அவள் அதே இடத்தில் மறுபடியும் தட்டினாள். கடவுளே, ஒரு மனுஷி எவ்வளவுதான் பொறுப்பாள்!

"ஐயோ, பக்கவாட்டுல தள்ளும்மா! இதுகூடவா தெரியாது?"

கத்தியது நான்தான். மெர்சர் பட்டியலில் எங்கள் குழுவை அடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

கோர்பின் உதட்டை விடுவித்தான்.

"சார், இப்ப நான் பேசலாமா?"