காகிதத் தையல்

யுத்தத்தால் துணி கிடைக்கவில்லை என்று சொல்லி, தருமபுரியில் தையல் டீச்சர் பயிற்சிக்கு வந்த பெண்களுக்கு அந்த வருஷம் முழுக்கக் காகிதத்தில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நூலை இறுக்கினால் செய்தித்தாள் கிழியும்; கிழிந்தால் லோகாம்பாள் டீச்சர் விரல் முட்டியில் ஸ்கேலால் போடுவாள். அடி வாங்கி வாங்கி மாதம்மாளின் கை நூலைத் தொட்டும் தொடாமலும் விடப் பழகிவிட்டது.

தேர்வன்று இன்ஸ்பெக்டரம்மா வந்தாள். லோகாம்பாள் டீச்சர் இடுப்புச் சாவியால் மூலை அலமாரியைத் திறந்தாள். உள்ளே மல் துணி, கட்டுக் கட்டாக, மடிப்பெல்லாம் பழுப்பேறி. பயிற்சிக்கென்று வந்த துணி. இருப்புக் குறையக்கூடாதென்று பூட்டிவைத்த துணி.

மாதிரி வகுப்பு எடுக்க மாதம்மாளின் முறை. எதிரே சின்னப் பெண்கள். இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்துக் காட்டினாள். இன்ஸ்பெக்டரம்மா வாங்கி இரண்டு பக்கமும் இழுத்தாள். தையல் பல்லிளித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

“பாலக்கோட்டுப் பள்ளிக்கூடத்துக்கு உன்னையா அனுப்பப் போறாங்க?” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

“கவனக் குறைவுங்கம்மா,” என்றாள் லோகாம்பாள் டீச்சர். “மன்னிப்புக் கேளு மாதம்மா. இன்னொரு தடவ தெக்க வுடுவாங்க.”

கேட்டால் பாலக்கோட்டு வேலை. கேட்காவிட்டால் காரிமங்கலத்தில் அண்ணன் வீடு. சோறு போடும் ஒவ்வொரு முறையும் சட்டியின் அடியைப் பார்க்கும் அண்ணி. ‘மன்னிச்சுக்குங்க’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடி வாங்கிய நாளிலெல்லாம் சொன்ன அதே சொல். டீச்சர் மேல் வந்த கோபத்தைவிட, அந்தச் சொல் தன் வாயில் இவ்வளவு தயாராக இருந்ததுதான் அவளுக்குப் பற்றி எரிந்தது.

“கவனமெல்லாம் இருந்துச்சுங்க. துணியத் தொட்டதே இன்னிக்குத்தானுங்க. வருசம் பூரா அது அலமாரிக்குள்ள, நாங்க பேப்பருல.”

இன்ஸ்பெக்டரம்மா அலமாரியைப் பார்த்தாள்; லோகாம்பாள் டீச்சரைப் பார்த்தாள். மற்றவர்களின் தேர்வைத் தள்ளிவைத்து, துணியை அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னாள். மாதம்மாளின் தேர்வு மட்டும் முடிந்துபோனது, அவள் பெயில். “சட்டம் அப்படி,” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

சாயங்காலம் மாதம்மாள் பெட்டி கட்டும்போது, கூடப் படித்த குள்ளம்மாள் மல் துண்டோடு வந்து உட்கார்ந்தாள்.

“உன் வாயால எங்களுக்குத் துணி வந்துச்சு, உனக்குப் பஸ்ஸு வந்துச்சு போ.” பிறகு தயங்கினாள். “எவ்ளோ இறுக்கணும்க்கா?”

ஒரு அறை விடலாமா என்று இருந்தது மாதம்மாளுக்கு. கட்டிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

“தெய்யி, பாக்கலாம். இழு. இன்னும் இழுடி, என்ன பயம்?”

நூல் அறுந்தது. குள்ளம்மாள் சட்டென்று விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“கைய நீட்டு,” என்றாள் மாதம்மாள். “யாரும் அடிக்கப் போறதில்ல. மறுபடி கோத்துக்க.”